20 நிமிடமாகியும் உறையாத ரத்தம்

வாசகர் ஒருவர் கோபமாகவே கேட்டிருந்தார். சித்தப்பாவைப் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜை மேல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "அந்த நேரத்தில் மருந்தை ஏற்றியிருக்கக் கூடாதா?" என்கிறார்.

டாக்டர் சும்மா நிற்கவில்லை. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு அதுவே கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பி உயிரோடு விளையாடும். கடித்த எல்லாப் பாம்பும் விஷப்பாம்பு அல்ல, விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்கியிருக்காது. மற்ற அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தால் உடனே மருந்து ஏற்றிவிடுவார்கள். தெரியாதபோது ரத்தத்திடம்தான் கேட்க வேண்டும். சுமார் 2 மில்லி ரத்தம், ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பது, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. கட்டியாக நின்றால் சரி. தண்ணீர்போல ஓடினால் ரத்தத்தைக் குறிவைக்கும் விரியன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மின்சாரம்கூடத் தேவைப்படாத இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உதவாது. கண்ணாடிப் பரப்பில் இருக்கும் எதிர்மின்னூட்டம் ரத்தத்திலுள்ள பன்னிரண்டாம் உறைகாரணி என்ற, உறைதலுக்கு உதவும் புரதத்தைத் தட்டி எழுப்பும், அங்கிருந்து உறைதல் தொடங்கும். பிளாஸ்டிக்கிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ விட்டால், நல்ல ரத்தம்கூட உறையாமல் கிடந்து டாக்டரை ஏமாற்றிவிடும்.

நம் ஊரில் அதிகம் பேரைக் கொல்பவை நான்கு. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்புக்கும் தசைக்கும் நடுவிலுள்ள தகவல் தொடர்பைத் துண்டிப்பவை. இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். இது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் விட்டுவிடுவோம். மீதி இரண்டும், அதாவது கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும், ரத்தத்தைக் குறிவைப்பவை. இதில் கண்ணாடி விரியன் செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீர்ந்தபாடில்லை.

ரத்தம் உறையத் தேவையான எல்லாப் புரதங்களும் நம் ரத்தத்தில் எப்போதும் கரைந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் தூங்கிக்கொண்டு. ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டினால்தான் விழிக்கும். விழித்தது அடுத்ததை வெட்டும், அது அதற்கடுத்ததை. காயம் பட்டதும் தொடங்கும் இந்த வரிசை பத்தாம் காரணியில் வந்து சேரும். பத்தாம் காரணி த்ராம்பின் என்ற நொதியை உண்டாக்கும், த்ராம்பின் ஃபைப்ரினோஜன் என்ற கரைந்த புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக மாற்றும், இழைகள் வலையாகப் பின்னி ஓட்டையை அடைக்கும். படிக்குப் படி பெருகிக்கொண்டே போவதால் கடைசியில் குவியும் ஃபைப்ரினுக்குக் கணக்கே இருக்காது. அதனால்தான் உடம்பு முதல் படியை அவ்வளவு கவனமாகப் பூட்டி வைத்திருக்கிறது.

கண்ணாடி விரியன் முதல் படிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் விஷத்திலுள்ள ஒரு நொதி நேராகப் பத்தாம் காரணியிடம் போய், அதிலுள்ள ஆர்ஜினின், ஐசோலூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு நடுவிலுள்ள ஒரே ஒரு பிணைப்பை வெட்டுகிறது. நம் உடம்பின் சொந்த நொதி வெட்டுவதும் அச்சு அசலாக அதே பிணைப்பைத்தான்! இத்தனைக்கும் இரண்டும் உறவே இல்லாத குடும்பங்கள்: நம்முடையது செரீன் என்ற அமினோ அமிலத்தை வைத்து வெட்டும் வகை, பாம்பினுடையது உலோக அயனி வைத்து வெட்டும் வகை. போதாக்குறைக்கு, பத்தாம் காரணியின் வேகத்தைப் பல மடங்கு கூட்டும் ஐந்தாம் காரணியை எழுப்பவும் விஷத்தில் தனியாக இன்னொரு நொதி இருக்கிறது. சுருட்டை விரியன் இன்னும் அவசரக்காரன், பத்தாம் காரணியையும் தாண்டி த்ராம்பினின் மூலப்பொருளையே வெட்டிவிடும்.

அப்படியானால் கடிபட்டவர் ரத்தம் கட்டியாகிச் சாக வேண்டும், ஏன் ரத்தம் ஒழுகிச் சாகிறார்? அளவுதான் காரணம். எலிக்குள் இருக்கும் சில மில்லி ரத்தத்தில் இந்த விஷம் இறங்கினால் கட்டிகள் ரத்த ஓட்டத்தையே அடைத்துவிடும். பாம்புக்கு வேண்டியதும் அதுதான், கடித்துவிட்ட இரை ரொம்ப தூரம் ஓடக் கூடாது. நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் விஷம் பரவி, தேவையே இல்லாத இடங்களில் எல்லாம் பொடிப்பொடியாக உறைய வைக்கிறது, உடம்பும் பின்னாலேயே போய் அவற்றைக் கரைத்துக்கொண்டே வருகிறது. வீடு கட்ட வாங்கிய சிமெண்டை எல்லாம் யாரோ தெருவில் குழைத்துக் கொட்டிவிட்டுப் போனதுபோல ஃபைப்ரினோஜன் மொத்தமும் வீணாகித் தீர்ந்துபோகிறது. விஷத்தின் வேறு புரதங்கள் ரத்தக்குழாய்ச் சுவரையே அரிக்கும்போது அடைக்கக் கையில் எதுவும் இல்லை. ஈறில், கடிவாயில், சிறுநீரில் என்று ரத்தம் வரத் தொடங்கும், சிலருக்கு மூளையிலும். சிறுநீரகமும் கெடும்.

இதையே தலைகீழாகப் பயன்படுத்தியவர் இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் மேக்ஃபார்லேன். ஹீமோஃபிலியா உள்ளவர்களுக்கு எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ குறைவு, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. 1934இல் அவரும் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஊர்வனவற்றைப் பார்த்துக்கொண்ட பர்ஜஸ் பார்னெட்டும் கண்ணாடி விரியன் விஷத்தை 10,000 மடங்கு நீர்த்துக் காயத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் நின்றது. எட்டும் ஒன்பதும் இல்லாவிட்டால் என்ன, விஷம் பத்திலிருந்துதானே தொடங்குகிறது! 30 வருடம் கழித்து, 1964இல், ரத்த உறைதல் படிப்படியாகப் பெருகும் வரிசை என்று எழுதி விளக்கியவர்களில் மேக்ஃபார்லேனும் ஒருவர். இன்றும் லூபஸ் என்ற நோய் தொடர்பான ஒரு ரத்தப் பரிசோதனையில் நீர்த்த கண்ணாடி விரியன் விஷம்தான் போடுகிறார்கள்.

பெரியபுராணத்தில், வாழைக்குருத்து அரியப் போன அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு தீண்டுகிறது. விஷம் படிப்படியாக ஏறித் தலைக்குப் போவதைச் சேக்கிழார் சொல்லும் இடம் அற்புதமானது. அதை இலக்கியமாகவும் பக்தியாகவும் படிப்போம். ஆனால் "தலைக்கு ஏறாமல்" இருக்கக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் மந்திரிப்பவரிடம் போய் உட்காருவதும் எனக்கு ஆத்திரமூட்டும் விஷயங்கள். இறுக்கிக் கட்டினால் கை கால்தான் அழுகும். மந்திரம் பலித்ததாகச் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் விஷமே இறங்கியிருக்காது. விரியன் கடித்தவரோ சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், "ஆள் தெளிவாத்தானே இருக்கார்" என்று சுற்றி நிற்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஃபைப்ரினோஜன் காலியாகியிருக்கும்.

மருந்து ஏற்றியதும் ரத்தம் உடனே உறையாதது இன்னொரு சண்டைக்குக் காரணமாகிறது. மருந்து விஷத்தைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். தீர்ந்துபோன காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவேதான் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே கண்ணாடிக் குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்து, இன்னும் மருந்து வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள்.

அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போவது. அவர்கள் கைத்திறமைக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். சிக்கல் வேறு இடத்தில். ஒரே கண்ணாடி விரியனின் விஷம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. இங்கே எடுத்த விஷத்தை வைத்துச் செய்த மருந்து, வேறு மாநிலத்துப் பாம்பின் விஷத்தை அதே அளவுக்கு அடக்குவதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது, பெரும்பாலும் கிராமத்து விவசாயிகள். வாங்கும் சக்தி இல்லாதவர்களுக்கான மருந்தில் எந்த கம்பெனியும் ஆராய்ச்சிப் பணத்தைக் கொட்டப் போவதில்லை, அதை அரசுதான் கொட்ட வேண்டும். மாநிலத்துக்கு ஒரு விஷச் சேகரிப்பு மையம் என்று கேட்பது ராக்கெட் விடும் நாட்டிடம் கேட்கக் கூடாத பெரிய தொகை ஒன்றும் இல்லை.