வால்வு: மெட்டலா, டிஷ்யூவா?

'வால்வா' என்ற இலத்தீன் சொல்லுக்கு மடக்குக் கதவின் ஒரு பலகை என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே, இதயத்தில் ரத்தத்தை ஒருவழியாக விடும் வால்வின் பெயர். நம் பாடநூல்கள் அந்தப் பலகையை இதழாகப் பார்த்து ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்கின்றன. கலைச்சொல்லாக 'ஓரதர்' இருக்கிறது. அதர் என்றால் வழி, ஓரதர், ஒருவழி. தாமிரபரணிக் கால்வாயில் நீர் பாய்ச்சியவர்களுக்கு 'மதகு' என்று சொல்லத் தோன்றும். ஆனால் மதகை ஆள் தூக்க வேண்டும். இதயத்தில் ரத்தத்தின் அழுத்தமே இதழைத் திறக்கிறது, அதுவே மூடுகிறது. ஆகவே எழுத்துக்கு ஓரதர்தான் பொருத்தம் என்பேன். ஆஸ்பத்திரியில் வால்வு என்றே கேளுங்கள்.

"மதினிக்கு வால்வு மாத்தணுமாம். மெட்டலா, டிஷ்யூவான்னு கேக்காவ" என்று வந்து நிற்பவர்களை அடைமொழிகள்தான் குழப்புகின்றன. 'மெட்டல்' பாதிதான் சரி. இன்றைய செயற்கை வால்வுகள் பலவற்றில் திறந்து மூடும் இதழ் கார்பனால் ஆனது. நம்மூர்க்காரர்கள் நாகர்கோவில் தாண்டிப் போகும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்திரா வால்வில் உலோக வளையத்துக்குள் சாய்ந்து எழும் தட்டு ஒருவகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். 'இயந்திர வால்வு' என்பதே சரியான பெயர். அதற்கு பேட்டரி கிடையாது.

'உயிரியல் வால்வு' இன்னும் ஏமாற்றும் பெயர். அதில் உயிர் இல்லை. பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ ரசாயனத்தில் பதப்படுத்திச் செய்வது அது. வளராது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. 'திசு வால்வு' என்பதே நேர்மையான சொல்.

இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையும் என்பதால் ஆயுள் முழுக்க, உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் வேண்டும். மாத்திரையின் வேலையைக் குறைக்கும் முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளித் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருந்தால் ஐ.என்.ஆர். அளவு தடுமாறும். திசு வால்வுக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்கள் மாத்திரை போதும். பத்துப் பதினைந்து ஆண்டில் தேயக்கூடும், இளவயதில் இன்னும் சீக்கிரம். அதனால் பொதுவாக 50 வயதுக்குள் இயந்திரம், 65க்கு மேல் திசு என்பார்கள்.

எனக்குக் கவலை இளம்பெண்களைப் பற்றித்தான். சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், வால்வைக் கெடுத்து அவர்களை இருபது, முப்பது வயதிலேயே அறுவைக்குக் கொண்டுவருகிறது. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் வால்வைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மாமியார் முன்னால் கூசினால் தனியாகக் கேளுங்கள்.