சோப்பு போட்டால் மீன் வாடை ஏன் கூடுகிறது?

மத்தி வறுத்து இரண்டு நாளாகியும் வீட்டில் கவுச்சி போகவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊதுவத்தி ஏற்றிப் பார்த்தாராம். கிண்ணத்தில் ஆப்பசோடா வைத்தாராம். கடைசியில் மல்லிகை வாசனை ஸ்பிரே. “இப்போது பூக்கடைக்குள் மீன்கடை போட்ட மாதிரி இருக்கிறது. ரசாயனம் இல்லாத வழி ஏதாவது சொல்லுங்கள்” என்கிறார்.

ரசாயனம் இல்லாமல் முடியாது. ஆனால் அந்த ரசாயனம் அவர் வீட்டுப் புளி ஜாடியிலேயே இருக்கிறது.

முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மீன் கழுவிய கையில் சோப்பைத் தேய்த்ததும் வாடை குப்பென்று ஒருமுறை தூக்கலாக அடிக்கும். சோப்பு அழுக்கைப் போக்குவது, வாடையை ஏன் கூட்ட வேண்டும்?

கடல் மீனின் தசையில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வாழும் செல்களுக்கு அது ஒரு காவல். அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவது ட்ரைமெத்திலமீன், அதாவது நம்முடைய கவுச்சி. அதன் கொதிநிலை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ். நம்மூர் அடுப்படியில் அது பறக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஏரி மீனில் இந்தச் சரக்கு மிகவும் குறைவு. சுறாவில் இதோடு யூரியாவும் சேர்ந்து அம்மோனியா வேறு கிளம்பும். சுறாப் புட்டு செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். இந்த மூலக்கூறின் நடுவில் ஒரு நைட்ரஜன் அணு. மூன்று பக்கம் மூன்று மெத்தில் தொகுதிகள். அதுபோக, யாரோடும் பங்குபோடாத எலக்ட்ரான் ஜோடி ஒன்று நைட்ரஜனிடம் மிச்சமிருக்கிறது. எல்லாக் கூத்தும் அந்த ஜோடியால்தான். அமிலம் என்பது புரோட்டானைக் கொடுக்கத் தயாராக நிற்கும் பொருள் என்று பள்ளியில் படித்திருப்போம். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். அவை கொடுக்கும் புரோட்டான் அந்த ஜோடியின் மேல் வந்து உட்கார்ந்ததும், அதுவரை மின்னூட்டமில்லாமல் திரிந்த மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் வந்துவிடுகிறது. உடனே நீர் மூலக்கூறுகள் நான்கு பக்கமும் மொய்த்துப் பிடித்துக்கொள்கின்றன. மின்னூட்டம் உள்ளது தண்ணீரை விட்டுக் காற்றுக்குத் தாவாது. தாவாதது மூக்குக்கு எட்டாது. கவுச்சி அழியவில்லை, அதே கையில்தான் இருக்கிறது. கட்டிப்போட்டாயிற்று, அவ்வளவுதான். அடுத்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பாகக் கரைந்து ஓடிவிடும்.

கட்டு நிரந்தரமில்லை. மூலக்கூறுகள் புரோட்டானை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். எந்த நேரமும் எத்தனை அவிழ்ந்து நிற்கின்றன என்பதைத் தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, தீர்மானிக்கிறது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஹெச் 7 உள்ள சாதாரணத் தண்ணீரில் சுமார் 600க்கு ஒன்று. கேட்கக் குறைவுதான், ஆனால் அந்த ஒன்று பறந்ததும் இன்னொன்று அவிழும், அப்படியே வீடு நிறையும். புளிக்கரைசல் பிஹெச் 3 என்று வைத்துக்கொண்டால் சுமார் 60 லட்சத்துக்கு ஒன்று. சோப்புக் கட்டியின் நுரை 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். அங்கே கிட்டத்தட்ட பாதி அவிழ்ந்துவிடும். குப்பென்று அடித்ததன் ரகசியம் இதுதான். ஆகவே முதலில் புளி, பிறகு தண்ணீர், சோப்பு கடைசியில். மீனைக் கல்லுப்பும் புளியும் போட்டு உரசி அலசிய நம் ஆத்தாக்களுக்கு பிஹெச் தெரியாது, வரிசை தெரிந்திருந்தது.

வாசகியின் ஆப்பசோடாவுக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. சோடாக் கரைசலின் பிஹெச் 8.3 அளவில் இருக்கும். அதில் 30க்கு ஒன்று அவிழும். மேடையை அதைக் கரைத்துத் துடைத்திருந்தால் வாடையை இருபது மடங்கு அவிழ்த்துவிட்டிருப்பார். சோடா கெட்டதல்ல, எதிரி வேறு. புளித்த பால், வியர்த்த ஷூ, ஊசிப்போன வெண்ணெய் எல்லாம் அமில வாடைகள். அவற்றைக் கட்டக் காரம் வேண்டும், அங்கே சோடா பிரமாதமாக வேலை செய்யும்.

மூக்கும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கவுச்சியை உணர்வதற்கென்றே மூக்கில் டிஏஏஆர்5 என்றொரு ஏற்பி இருக்கிறது. அதன் மரபணுவில் சிறு மாற்றம் உள்ள ஐஸ்லாந்துக்காரர்களுக்கு மீன் வாடை அவ்வளவாக உறைப்பதில்லை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மீனை நம்பி வாழும் தீவில் அது பெரிய கொடுப்பினை.

சரி, கண்ணாடி டம்ளரில் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு “கெட்ட சக்தியை உறிஞ்சுகிறது” என்கிறார்களே? சிட்ரிக் அமிலம் பறக்காது. தோலிலிருந்து வருவது லிமோனீன் என்ற வாசனை எண்ணெய். அது மூக்கைத் திசைதிருப்புவதோடு சரி. சாம்பிராணியும் அப்படித்தான், கூடவே நுரையீரலுக்குப் புகை. தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய கதை. வீட்டில் ஜன்னல் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்று 2019இல் கணக்குப் போட்டுவிட்டார்கள். படுக்க இடம் இருக்காது.

கோமியத்தில் தரை துடைக்கச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாள்பட நாள்பட அதிலிருந்து வருவது அம்மோனியா, கவுச்சியின் பங்காளி. 2020இல் நாட்டுப் பசு சார்ந்த பொருட்களை ஆராய ஒன்றிய அரசு திட்டம் அறிவித்தபோது 500க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். எனக்கு ஆராய்ச்சி மேல் கோபமில்லை, முடிவை முன்பே எழுதிவைத்துக்கொண்டு பணம் ஒதுக்குவதில்தான் கோபம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. எந்த மீனுக்கு எவ்வளவு புளி, எத்தனை நிமிடம் என்று அளந்து சொல்லச் சில லட்சங்கள் கொடுத்தால் போதும்.

வறுத்த வாடையில் பாதி எண்ணெயுடையது. கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து வரும் ஆல்டிஹைடுகள் புளிக்கு மசியாது. அடுப்பு எரியும்போதே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மறுநாள் மேடை, டைல்ஸ், அடுப்பின் பின்சுவர் ஆகியவற்றைச் சுடுநீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடையுங்கள். திரைச்சீலையைத் துவைத்துத்தான் ஆக வேண்டும்.

மேடை கடப்பைக் கல்லாக இருந்தால் மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல், அமிலம் பட்டால் அரித்துவிடும். பிழிந்த எலுமிச்சை மூடியை இரவெல்லாம் கவிழ்த்து வைத்ததில் எங்கள் வீட்டுக் கறுப்புக் கல்லில் எட்டணா அளவுக்கு வெளிறிய வட்டம் விழுந்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவினால் ஒருநாள் மறைகிறது.