சாண்டோரினியில் கொடிகள் ஏன் தரையில் கிடக்கின்றன?

கிரீஸின் சாண்டோரினித் தீவுக்குப் போகிறவர்களில் பலர் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் கடந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் தவறில்லை. பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. சாம்பல் நிற மண்ணில் பறவைக்கூடுகளை இறக்கி வைத்ததுபோல் ஆங்காங்கே பச்சைக் குவியல்கள். அவைதான் கொடிகள்.

கோடையில் வடக்கிலிருந்து 'மெல்டெமி' காற்று நாள்கணக்கில் வீசும். கொடி நிமிர்ந்து நின்றால் தளிர் முறியும், பறக்கும் மணல் பூவை உரசிக் கெடுக்கும். அதனால் குளிர்காலக் கவாத்தின்போது சில நீண்ட தண்டுகளை மட்டும் விட்டு, அவற்றைத் தரையோடு வட்டமாக வளைத்து முடைகிறார்கள். ஆண்டுதோறும் புதுத்தண்டு பழைய வளையத்தின் மேல் ஏறும். இந்தக் கூடையின் பெயர் கூலூரா. குலைகள் கூடைக்குள் தொங்குவதால் காற்றும் உச்சிவெயிலும் அவற்றை அதிகம் தாக்குவதில்லை. இதில் இயந்திரத்துக்கு வேலையே கிடையாது. கவாத்து, அறுவடை எல்லாமே குனிந்து செய்யும் கைவேலை.

வளையம் கூடக்கூடச் சாறு கடக்க வேண்டிய தூரமும் நீளும், விளைச்சல் குறையும். ஏறத்தாழ 75 ஆண்டுகளில் கூடையை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். பழைய வேரிலிருந்தே மறுபடி துளிர்க்கிறது. ஆகவே சின்னக் கூடையைப் பார்த்து இளங்கொடி என்று முடிவுகட்ட வேண்டாம்.

வேர் இவ்வளவு காலம் பிழைப்பதற்குக் காரணம் மண். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலோக்சரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. மற்ற இடங்களில் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இங்கே அதற்கு அவசியம் வரவில்லை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை விட்டுச்சென்ற சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த இந்த மண்ணில் களிமண் அநேகமாக இல்லை. களிமண் வெடிப்புகளின் வழியேதான் அந்தப் பேன் வேருக்கு வேர் நகரும். உதிரி மணலில் அதற்குப் பாதை கிடைப்பதில்லை. புதுச்செடி வேண்டுமானால், பக்கத்துக் கொடியின் தண்டை மண்ணில் பதியம் போட்டால் போதும்.

மழை குறைவு, அதுவும் குளிர்காலத்தில்தான். கோடை இரவுகளில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல்லின் துளைகள் பிடித்து வைக்கின்றன.

முதன்மை ரகம் அசிர்டிகோ. வெப்பநாட்டுத் திராட்சையில் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்குவது வழக்கம். அசிர்டிகோ மட்டும் புளிப்பை விடாது. மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பதும் துணைசெய்கிறது, ஏனெனில் பழத்தில் பொட்டாசியம் மிகுந்தால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து படிந்து புளிப்பைக் குறைத்துவிடும்.

அந்தப் புளிப்பின் அருமை வின்சாண்டோ என்ற இனிப்பு ஒயினில் தெரியும். பழங்களை இரண்டு வாரம்வரை வெயிலில் உலர்த்திப் பிழிகிறார்கள். சர்க்கரை மிகுந்த அந்தச் சாற்றில் ஈஸ்ட் திணறி, நொதித்தல் பாதியில் நின்றுவிடும். மீந்த இனிப்போடு ஒயின் குறைந்தது 24 மாதம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். புளிப்பு இல்லாவிட்டால் அது வெறும் பாகு.

அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். பழம் உலர்த்துவதைப் பார்க்க விரும்புவோர் ஆகஸ்ட் பிற்பகுதியில் தீவின் பீர்கோஸ், மெகலோஹோரி ஊர்கள் பக்கம் போகலாம். கூடை ஓரத்தில் கால் வைக்காதீர்கள், தண்டு ஒடியும். சுவைக்கும்போது இனிப்பில்லாத 'உலர்' ஒயினை முதலிலும் வின்சாண்டோவைக் கடைசியிலும் கேளுங்கள். வரிசை மாறினால் அசிர்டிகோ எலுமிச்சைச் சாறாகத்தான் தெரியும்.