செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் காலையில் பழைய டீசல் ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் போதும், 'செல்ஃப் போச்சு' என்று, இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பல வண்டிகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும். கரன்ட்தான் ஒழுங்காகப் போய்ச் சேராது.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி அணைந்தால் பேட்டரி, டெர்மினல், அல்லது இறுகிப்போன மோட்டார். வெளிச்சம் குறையாமல் 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டுக்குள் (மோட்டாருக்குக் கரன்ட்டை விடும் காந்த சுவிட்ச்) செப்புத் தட்டு கருகியிருக்கும், இல்லையேல் எர்த், அதாவது கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, சரியில்லை. சத்தமே வராவிட்டால் சாவி சுவிட்சையும் அங்கிருந்து சொலினாய்டுக்கு வரும் சின்ன வயரையும் பாருங்கள்.

அதிகம் கோட்டை விடுவது எர்த்தில்தான். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) தனி எர்த் பட்டை கட்டாயம் வேண்டும். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும்போது அதை மாட்டாமல் விட்டால், கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து கேபிளே சூடாகும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டார் பாடியிலும் வைத்து, வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. பட்டை உட்காரும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்; செல்ஃப் அடிக்கையில் 9.5-க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்து பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. கியரில் இருந்தால் வண்டி ஆள் மேல் பாய்ந்துவிடும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல், மூன்றும் இல்லாமல் அடியில் கை வைக்கக் கூடாது.

மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பேட்டரி நெகட்டிவை எடுங்கள். சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பாதி நீளத்துக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கார்பன் உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம், எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் செப்பில் பதிந்து கார்பனைத் தின்றுவிடும். போல் ஷூவில் (மோட்டார் கூட்டின் உட்புற இரும்புத் துண்டு) பளபளப்பான தேய்மானக் கோடு தெரிந்தால், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோய், சுற்றும் பாகமான ஆர்மேச்சர் உரசுகிறது. வண்டி சூடானதும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். புது வெண்கலப் புஷ்ஷை ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறவைத்து அடியுங்கள். இன்ஜினைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தோடு இருக்கும் பினியன் கிளட்சைப் பெட்ரோலில் கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். துணியால் துடைத்தாலே போதும். கிருஷ்ணகிரி கல்குவாரித் தூசியில் ஓடும் வண்டிக்கு பினியன் நகரும் தண்டின் வரிப் பள்ளங்களில் (ஸ்ப்ளைன்) கெட்டிக் கிரீஸ் அப்பினால் தூசி சேர்ந்து அரைப்புப் பசை ஆகிவிடும். லேசாக ஆயில் தடவினால் சரி.

மோட்டாருக்குள் கருப்புச் சகதி இருந்தால் இன்ஜின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் சரிசெய்தால் மறுபடி அதே கதைதான்.

ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடம் ஆறட்டும்.

மோட்டார் சுற்றியும் 'கர்ர்' என்று பல் உரசினால் காரணம் ரிங் கியர், அதாவது ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம். நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அங்கேயே பல் தேயும். சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது பிடித்தால் சந்தேகமே இல்லை. ரிங்கை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால், கிளட்ச் பிளேட் மாற்றும் சமயத்தில் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்றோடு போகும்.