நடக்கத் தெரியாத பொம்மைகளும் நடக்க வைத்த கணினியும்

1965 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 'தண்டர்பேர்ட்ஸ்' தொடர் தொடங்கியது. அதன் நாயகர்கள் ராக்கெட் ஓட்டுவார்கள், எரியும் கட்டடத்திலிருந்து ஆட்களை மீட்பார்கள். ஆனால் அறைக்குள் நாலு அடி எடுத்து வைக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். எல்லாரும் மெல்லிய கம்பிகளில் தொங்கும் பொம்மைகள். ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியின் குழு, லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரத்துத் தொழிற்பேட்டையில் வைத்து 32 அத்தியாயங்கள் எடுத்தது.

அந்தப் பொம்மைகள் பேசிய விதம்தான் அந்தக் காலத்துக்குப் புதுசு. வசனத்தை முதலிலேயே ஒலிநாடாவில் பதிவு செய்துவிடுவார்கள். அதை ஓட்டும்போது கிடைக்கும் மின்துடிப்பு, பொம்மையைத் தாங்கும் டங்ஸ்டன் கம்பி வழியாகவே தலைக்குள் இறங்கும். அங்கே சோலினாய்டு என்ற சிறிய மின்காந்தச் சுருள் கீழுதட்டை இழுக்கும். மின்சாரம் நின்றால் உதடு பழைய இடத்துக்கு வந்துவிடும். அவ்வளவுதான்: திற, மூடு. 'ஆ' என்றாலும் 'ஓ' என்றாலும் ஒரே வாய். இந்தச் சுருளுக்கு இடம் வேண்டும் என்பதால் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதானது. 1967இல் வந்த 'கேப்டன் ஸ்கார்லெட்' தொடரில் சுருளை மார்புக்கு இறக்கினார்கள், தலையும் உடம்புக்குப் பொருந்தும் அளவுக்கு வந்தது.

நடைக்கு மட்டும் வழியே பிறக்கவில்லை. நாம் நடக்கும்போது உடலின் மொத்த எடையும் ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறுகிறது. இடுப்பு சாய்கிறது, முழங்கால் மடங்கி அதிர்வை வாங்குகிறது. தொங்கும் பொம்மையின் எடையைத் தாங்குவதோ மேலே இருக்கும் கம்பி, கீழே பாதத்துக்கு வேலையே இல்லை. அதனால் எத்தனை கைதேர்ந்த கலைஞர் ஆட்டினாலும் கால் தரையைத் தடவிக்கொண்டுதான் போகும். சரி, நடக்கவே வேண்டாம் என்று கதையை மாற்றினார்கள். பறக்கும் வண்டி, தானாக நகரும் இருக்கை, இடுப்புக்கு மேல் மட்டும் காட்டும் ஷாட். பொத்தானை அழுத்தும் குளோசப்பில் நிஜ மனிதரின் கை. அந்த எதிர்கால உலகத்தின் கவர்ச்சியில் பாதி இந்த முட்டுக்கட்டையிலிருந்து பிறந்தது என்பேன்.

2015இல் அதே தொடரின் மறு ஆக்கமாக 'தண்டர்பேர்ட்ஸ் ஆர் கோ' வந்தபோது பாத்திரங்கள் கணினிக்குப் போயின. இங்கே உடலுக்குள் ஒரு எலும்புக்கூடு இருக்கும். பாதத்தை இந்த இடத்தில் ஊன்று என்று அனிமேட்டர் சொன்னால், முழங்காலும் இடுப்பும் எத்தனை பாகை மடங்க வேண்டும் என்பதைக் கணினி பின்னோக்கிக் கணக்கிடும். எடை இருப்பதாக நம்ப வைப்பது மட்டும் இன்னமும் அனிமேட்டரின் கையில். வாய்க்கும் அப்படியே: 'ம', 'ப' வந்தால் உதடு ஒட்டும், 'உ', 'ஓ' வந்தால் குவியும். இப்படிச் சில வாய்வடிவங்களைச் செய்து வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றோடு கலப்பார்கள்.

ஆனால் பின்னணியை அவர்கள் முழுக்கக் கணினிக்குக் கொடுக்கவில்லை. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள வேட்டா வொர்க்ஷாப், பல இடங்களைக் குட்டி மாதிரிகளாகக் கையால் செய்தது. ஏன் இந்த மெனக்கெடல்? நிஜ மரத்திலும் பெயின்டிலும் பட்டுச் சிதறும் ஒளியைக் கணக்கிட்டு வரவழைப்பது பெரிய வேலை. மாதிரியில் அது இலவசம்.

இலவசம் என்றாலும் வம்பு இல்லாமல் இல்லை. நிஜத்தில் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு ஏறக்குறைய 2.3 வினாடி ஆகும். இருபத்தைந்தில் ஒரு பங்கு மாதிரியில் அது 1 மீட்டர், 0.45 வினாடியில் முடிந்துவிடும். நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் வேகம் ஐந்து மடங்காகத் தெரியும். ஈடுகட்ட, வினாடிக்கு 24 பிரேமில் ஓடும் படத்தை 120 பிரேமில் எடுக்க வேண்டும். 1965இல் டெரெக் மெடிங்ஸின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் குழு வெடிப்புக் காட்சிகளை இப்படித்தான் பிரமாண்டமாக்கியது. தண்ணீர் மட்டும் ஏமாறாது. பரப்பு இழுவிசை மாதிரியின் அளவுக்குச் சுருங்காததால் துளிகள் குண்டு குண்டாக நிற்கும்.

அப்புறம், இரண்டையும் ஒட்ட வேண்டும். நிஜ கேமரா மாதிரியின் மேல் எப்படி நகர்ந்ததோ, கணினிக்குள் இருக்கும் கேமராவும் இம்மி பிசகாமல் அப்படியே நகர வேண்டும். விளக்கு எந்தப் பக்கம், எத்தனை பிரகாசம் என்பதும் பொருந்த வேண்டும். பாதத்துக்கு அடியில் விழும் நிழல் கொஞ்சம் விலகினாலும் ஆள் மிதப்பதுபோல் ஆகிவிடும், பழைய பொம்மைகளின் அதே வியாதி.

ஒன்றை மட்டும் அவர்கள் எந்த இயந்திரத்திடமும் விடவில்லை. 1965இல் கார் ஓட்டுநர் பார்க்கருக்குக் குரல் கொடுத்த டேவிட் கிரகாம்தான் 2015லும் பார்க்கராகப் பேசினார்.