கம்யூனிட்டி டாக் – திண்ணையுரை

ஊரில் உள்ள ஒருவர், தமக்குக் கைவந்த தொழிலையோ பல்லாண்டு பழகிய துறையையோ பற்றி, மேடையும் மாலையும் இல்லாமல் தம் ஊரார் நடுவே உட்கார்ந்து சொல்லும் சிறு கூட்டத்துக்குக் ‘கம்யூனிட்டி டாக்’ என்று பெயரிட்டு இப்போது அழைப்பிதழ் அச்சிடுகிறார்கள். ஆத்தங்குடிப் பூக்கல் என்னும் தரை ஓடு செய்பவர், வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஏன் ஊற்றுகிறார் என்று சொல்லலாம். கண்டாங்கிச் சேலை நெய்பவர் கட்டம் அமைக்கும் கணக்கைச் சொல்லலாம். கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடையும் பெண்மணி பனையோலை பதப்படுத்துவதைச் சொல்லலாம். பர்மாவில் நடந்த வட்டிக்கடைகளின் கணக்கு ஏடுகளை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர், கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போனவர் படிப்படியாக அடுத்தாளாகி மேலாளான கதையோடு, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு வைக்கும் முறையையும் சொல்லலாம். சொல்பவருக்குப் பட்டம் வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் அவரே கேட்பவராக வந்து அமர்வார் என்பதுதான் இதன் தனி இயல்பு. தமிழ்ப் பெயர் தேடும்போது கைவிடக் கூடாததும் அதுவே.

‘கம்யூனிட்டி’ என்பதன் மூலம் ‘கொம்யூனிஸ்’ என்னும் இலத்தீன் சொல். ‘உடன்’ என்னும் பொருள் தரும் முன்னொட்டும், ‘கடமை, பணி’ என்னும் பொருளுள்ள ‘மூனுஸ்’ என்னும் சொல்லும் சேர்ந்தது அது. கடமையைப் பகிர்ந்துகொண்டவர்கள் என்பது உட்கிடை. ‘டாக்’ என்பது, கதையைக் குறிக்கும் ‘டேல்’, சொல்வதைக் குறிக்கும் ‘டெல்’ ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு உறவு. அழைப்பிதழ்களில் அது புகுந்ததற்குப் பெருங்காரணம், 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய டெட் மாநாட்டின் 18 நிமிட உரைகள் 2006 முதல் இணையத்தில் பரவியதே. ஆயினும் அவை ஒளிவிளக்கு மேடையில் நிகழ்பவை. நாம் பேசும் கூட்டத்துக்குப் பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது.

இதைச் ‘சமூக உரை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்கள் உண்டு. அது பொருந்தாது. திரள் எனப் பொருள்படும் வடசொல்லில் பிறந்த சமூகம், ஏட்டில் எல்லாரையும் குறித்தாலும், “நீங்கள் என்ன சமூகம்?” என்று பேச்சில் வரும்போது சாதியைத்தான் குறிக்கிறது, ‘சமூகக் கூட்டம்’ என்று சுவரொட்டி கண்டால், மற்றவர் வரலாமா என்ற ஐயம் எழும். ‘நகரம்’ என்றாலும் இதே இடர்ப்பாடுதான்: பிற வட்டாரங்களில் அது பட்டணம், செட்டிநாட்டிலோ அந்தந்த ஊர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கூடிய அமைப்பு. எளிமை கருதி ‘ஊர்ப்பேச்சு’ என்றால் நிலைமை இன்னும் மோசம். சங்கப் பாடல்கள் அலர் என்று சொல்லும் பழிச்சொல்லுக்கு இன்றைய பெயர் அது.

‘சொற்பொழிவு’ என்று வைத்துவிடலாமே என்பர். பிரசங்கம், உபந்நியாசம் என்று வழங்கிய இடத்தில் நிலைபெற்ற அழகான சொல்தான். மேலைச்சிவபுரியில் 1909-இல் தோன்றிய சன்மார்க்க சபையும், காரைக்குடியில் 1917-இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கமும், 1939-இல் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகமும் செவிக்குப் பழக்கிய செட்டிநாட்டில், சொற்பொழிவின் இலக்கணம் எவருக்கும் தெரியும். ஆனால் பொழிவது மேலிருந்து கீழே வருவது; மழையை நாம் நனைந்து பெறலாமே தவிரத் திருப்பிப் பெய்ய முடியாது. பூக்கல் செய்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, “அண்ணே, கல்லை எத்தனை நாள் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்?” என்று இடைமறிக்கும் கூட்டத்துக்குப் பொழிவு என்னும் பெயர் ஒவ்வாது. ‘பட்டிமண்டபம்’ மணிமேகலைக் காலத்துச் சொல். கம்பன் விழாக்களில் புது வாழ்வு பெற்றது. எனினும் அதற்கு இரு அணியும் நடுவரும் வேண்டும். இங்கே வெல்வதற்கு எதுவும் இல்லை.

பொருளால் மிக நெருங்கி வருவது ‘கேள்வி’. குறளின் 42-ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. நூல் கல்லாதவரும் கேட்டுப் பெறும் அறிவைக் குறித்தது. ‘கற்றில னாயினுங் கேட்க’ என்பது இத்தகைய கூட்டத்துக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. இன்று வினா என்னும் பொருள் அதை முழுவதும் விழுங்கிவிட்டது. ‘கேள்வி அரங்கு’ என்று விளம்பரம் செய்தால் வினாடி வினாவுக்குப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். இந்த இழப்பு எனக்கு வருத்தமே.

எஞ்சுவது திண்ணை. ‘திண்’ என்னும் உறுதிப்பொருள் அடியோடு இணைத்துச் சொல்லப்படும் இச்சொல், செட்டிநாட்டு வீட்டில் முகப்பின் அங்கம்: வளவு என்னும் உள்வீட்டுக்குள் நுழையாதவரும் உட்காரும் இடம், வீட்டுக்கும் தெருவுக்கும் பொதுவான இடம். ‘திண்ணைப் பேச்சு’ வெட்டிப் பேச்சு அல்லவா என்ற மறுப்பு வரும்; வரவேண்டியதும்தான். ஆனால் எழுத்தும் எண்சுவடியும் கற்பித்த திண்ணைப் பள்ளிக்கூடமும் அதே திண்ணையில்தான் நடந்தது. இகழ்ச்சிச் சொல் ஏற்றம் பெறுவதற்குச் சான்று வெளியிலும் உண்டு. 2003-இல் டோக்கியோவில் தொடங்கி, 20 படங்களை ஒவ்வொன்றும் 20 நொடி காட்டிப் பேசும் ‘பெச்சா குச்சா’ நிகழ்வின் பெயருக்குச் சப்பானியத்தில் சளசளப்பு என்றுதான் பொருள். பெயர் கேட்டு எவரும் வராமல் போகவில்லை.

‘பேச்சு’ என்பதற்கு மாறாக ‘உரை’யைச் சேர்த்தால் அந்த வெட்டித்தன்மையும் நீங்கும். உரை என்பது சொல்வது. நூலுக்கு விளக்கம் தருவதும் அதுவே. பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பதும் உரைப்பதே. ஆகவே ‘திண்ணையுரை’ என்பதை இதற்குரிய தமிழாகக் கொள்கிறேன். திண்ணை, உரை இரண்டும் யகர உடம்படுமெய் பெற்றுச் சேரும். ஆதலால் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுத வேண்டும். நிகழ்த்துபவரைத் ‘திண்ணையுரையாளர்’ என்று நீட்ட வேண்டாம், ‘உரைப்பவர்’ போதும். அழைப்பிதழில் ‘ஞாயிறு மாலை 5 மணிக்குத் திண்ணையுரை, பொருள்: ஐந்தொகை’ என்று எழுதலாம், கூட்டம் நடப்பது பள்ளிக்கூட வகுப்பறையிலோ கோயில் மண்டபத்திலோ ஆனாலும்.