விமானம் கைமாறும் நிமிடம்

இலங்கையில் ரம்புக்கனையைத் தாண்டியதும் மலையகத்துக்குப் போகும் ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளமாகிவிடுகிறது. அட்டனிலோ நானுஓயாவிலோ மேடையில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள்: ரயில் மெதுவாக உள்ளே வர, சாரதி பக்கமிருந்து ஒரு பெரிய வளையம் நீளும், நிலைய ஊழியர் அதை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பார். வளையத்தோடு சேர்ந்த பைக்குள் இருப்பது டேப்லட் என்ற வட்டு. அடுத்த நிலையம் வரையான பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டேப்லட்தான் வெளியே வரும். இரண்டு நிலைய அதிபர்களும் சம்மதித்தால்தான் கருவி அதை விடும். பாதை காலி என்ற தகவலும், இனி இந்த ரயில் யார் பொறுப்பு என்பதும் அந்த ஒரே வட்டுக்குள் அடங்கியிருக்கின்றன.

வானத்தில் கையில் கொடுத்து வாங்க எதுவும் இல்லை. அங்கே தகவல் ஒரு வழியில் போகிறது, பொறுப்பு இன்னொரு வழியில், விமானமோ மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் தன் வழியில். இந்த மூன்றும் ஒன்றையொன்று முந்தும்போதுதான் ஆபத்து.

நம் மலைகளுக்கு மேலே உள்ள வான்பரப்பு கொழும்பு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அது தீவைவிடப் பல மடங்கு பெரியது. வடக்கே சென்னை, மேற்கே மாலே, கிழக்கே ஜகார்த்தா, தென்கிழக்கே மெல்போர்ன் என்று அயல் நிலையங்களின் எல்லையைத் தொடுகிறது. கிழக்கிலிருந்து ஒரு விமானம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லையை அது தொடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டாளர், எந்த விமானம், எந்தப் புள்ளியில், எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் வரும் என்று கொழும்புக்குச் சொல்ல வேண்டும். கொழும்பு அதை ஏற்க வேண்டும். அதற்குப் பிறகே விமானியிடம் "இனி இந்த அலைவரிசையில் பேசுங்கள்" என்பார்கள்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. பேச்சு மாறும் இடமும் பொறுப்பு மாறும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. விமானி புதியவரோடு பேசத் தொடங்கிவிடுவார், விமானமோ இன்னும் பழையவரின் எல்லைக்குள்தான் பறக்கும். அந்தச் சில நிமிடங்களில் புதியவர் தன் விருப்பப்படி அதைத் திருப்பவோ இறக்கவோ கூடாது. சுற்றியிருக்கும் மற்ற விமானங்கள் பழையவரின் திரையில், அவர் கணக்கில் இருக்கின்றன. பழையவரோ நினைத்தாலும் அந்த விமானியோடு உடனே பேச முடியாது. இருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் இடையில் இப்படி ஓர் இடைவெளி விழத்தான் செய்கிறது.

செப்டெம்பர் 10, 1976 அன்று, அன்றைய யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகருக்கு மேலே அந்த இடைவெளிக்குள் இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தார்கள். லண்டனிலிருந்து இஸ்தான்புல் போன டிரைடன்ட் விமானம் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. ஸ்பிளிட் நகரிலிருந்து கிளம்பிய டிசி-9, 35,000 அடிக்கு ஏறுவதற்கு நடு உயரப் பகுதியின் கட்டுப்பாட்டாளர் ஏற்பாடு செய்தார். அதற்கு, மேல் உயரப் பகுதியைக் கவனிப்பவரின் சம்மதம் வேண்டும். அங்கே இருந்தவரோ மாற்றாள் வரத் தாமதமானதால் தனியாளாகப் பல விமானங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரை அணுக முடியாமல் சம்மதம் வேறொருவர் வழியாக வந்தது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஏறிவரும் விமானத்தை மேல் பகுதிக்காரர் முழுதாக உணர்ந்தது, அதன் விமானி அழைத்த பிறகு. அப்போது அது டிரைடன்டின் உயரத்தை நெருங்கிவிட்டது. அவசரத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தன் தாய்மொழியில், "அதே உயரத்தில் நில்லுங்கள்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த உயரம் 33,000 அடியாகியிருந்தது.

அந்த ஒரு மனிதர் மட்டும் சிறைக்குப் போனார். பல நாட்டுக் கட்டுப்பாட்டாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பின் 1978இல் விடுதலையானார். அவரைச் சிறையில் போட்டது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தகவலுக்கு முன்பே விமானம் எல்லை தாண்டக்கூடிய ஓர் ஏற்பாட்டில், கடைசியாக அதைக் கையில் வாங்கியவர் அவர், அவ்வளவுதான்.

ஜூலை 1, 2002 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கனில் வேறு விதமாக நடந்தது. அந்த வானத்தைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் நிலையத்தில் ஒரே ஒருவர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புக்காகப் பிரதான தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது, மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. தாமதமாக வந்த ஒரு விமானத்தை அருகிலுள்ள சிறிய நிலையத்திடம் ஒப்படைக்கத் தொலைபேசியோடு போராடியதில் அவர் நேரம் போயிற்று. இன்னொரு திரையில் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கின. பக்கத்து கார்ல்ஸ்ரூ நிலையத்துக்காரருக்கு அந்த ஆபத்து தெரிந்தது. மீண்டும் மீண்டும் சூரிச்சை அழைத்தார், இணைப்பே கிடைக்கவில்லை. தகவல் ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம். சூரிச்சின் கட்டளையும் விமானத்திலிருந்த மோதல் எச்சரிக்கைக் கருவியின் கட்டளையும் முரண்பட, இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள்.

நோட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்துக்காரர்களுக்கு ஏழு கன்னியர் மலை விபத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிசெம்பர் 4, 1974 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். இது கட்டுப்பாட்டாளர்களின் ஒருங்கிணைப்புத் தவறு அல்ல. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகளே தவறாகக் கணித்தார்கள், இருப்பிடம் கணிக்க உதவும் டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியதே காரணம் என்றது விசாரணை. ஆனாலும் கடைசி நிமிடங்களில் இங்கேயும் ஒரு கைமாற்றம் இருக்கிறது. நடுவழியில் பறப்பவற்றைக் கவனிக்கும் பரப்புக் கட்டுப்பாட்டிலிருந்து, தரையிறங்க வருபவற்றைக் கவனிக்கும் அணுகுமுகக் கட்டுப்பாடு விமானத்தைப் பொறுப்பேற்று, 2,000 அடி வரை இறங்க அனுமதி கொடுத்தது. ஓடுபாதை தெரிந்ததும் சொல்லுங்கள் என்றது. விமானம் அப்போது கொழும்புக்கு வெகு கிழக்கே, சுமார் 40 கடல் மைல் தள்ளி, மலைகளுக்கு மேலே இருந்தது. சுமார் 4,350 அடியில் மோதியது. கைமாற்றம் ஒழுங்காகவே நடந்தாலும், கைமாறும் தகவல் தவறென்றால் அதுவும் அப்படியே சேர்ந்து கைமாறிவிடும். வாங்குபவர் தன் சொந்தக் கண்ணால் சரிபார்க்க ஏதாவது வேண்டும்.

இன்று 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை விமானங்களுக்கிடையே செங்குத்தாக 1,000 அடிதான் இடைவெளி. ஆகவே எதிர்பாராத உயரத்தில் ஒரு விமானம் எல்லை தாண்டி வந்தால், மோதல் அருகில்கூட வராவிட்டாலும், அது பதிவுசெய்யப்படுகிறது. நம் பகுதிக்கான பதிவுகள் பாங்கொக்கிலுள்ள கண்காணிப்பு அமைப்புக்குப் போகின்றன. அங்கே குவிபவற்றில் பெரும்பங்கு இயந்திரக் கோளாறோ விமானியின் பிழையோ அல்ல, இரு நிலையங்களுக்கிடையிலான கைமாற்றத் தவறுகள்: சொல்ல மறந்தது, பழைய உயரத்தைச் சொன்னது, மாறிய நேரத்தைத் திருத்தாதது.

இதற்குத்தான் தொலைபேசிக்குப் பதிலாகக் கணினிகளே பேசிக்கொள்ளும் ஏஐடிசி என்ற முறை வந்தது. மதிப்பிட்ட நேரமும் உயரமும் செய்தியாகப் போகும், மறுபக்கத்திலிருந்து ஏற்புச் செய்தி வரும். ஒப்படைத்தேன் என்று ஒன்று, பொறுப்பேற்றேன் என்று ஒன்று. இதில் எனக்கு மிகப் பிடித்தது, பதில் வராதபோது அது நடந்துகொள்ளும் விதம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அனுப்பியவரின் திரையில் எச்சரிக்கை எழும்பும், அவர் தொலைபேசியை எடுத்துத் தானே பேச வேண்டும்.